போன வருஷ கொஸ்டின் பேப்பரை நம்பாதே! - மெராபி எரிமலைக்கு ஒரு ரோடு

அட்ரஸ் கேட்டால் கிலோமீட்டரில் பதில் சொல்கிற ஊர் ஒன்று இருக்கிறது. 'ரூம் அஞ்சாவது கிலோமீட்டர்ல', 'மெஸ் ஏழாவது கிலோமீட்டர்ல' என்றுதான் அங்கே காலேஜ் பசங்க பேசிக்கொள்கிறார்கள். இந்தோனேஷியாவில், ஜாவா தீவின் நடுவில் இருக்கும் யோக்யகர்த்தாதான் அந்த ஊர். கிலோமீட்டர் எண்ணுகிற ரோட்டின் பெயர் ஜாலான் காலியுராங். 'ஜாலான்' என்றால் ரோடு. அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? சுருக்கி 'ஜாக்கால்' ஆக்கிவிட்டார்கள்.

இந்த ரோட்டின் தெற்குப் பக்கம் யுனிவர்சிட்டி. வடக்குப் பக்கம் எரிமலை. அதுவும் எப்போதோ செத்துப்போன எரிமலை இல்லை. 1548-லிருந்து எழுதி வைத்த கணக்கில் மட்டும் அறுபது தடவைக்கு மேல் வெடித்த மெராபி. கிலோமீட்டர் நம்பர் ஏற ஏற குளிரும் கூடும், ரிஸ்க்கும் கூடும். வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.

5-வது கிலோமீட்டர்: ஹாஸ்டல் ஜன்னலில் எரிமலை

ஜாக்கால் ரோட்டின் தொடக்கத்தில் கஜா மாடா பல்கலைக்கழகம். 1949-ல் ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடை, டீக்கடை, வரிசை கட்டி நிற்கும் பைக்குகள் எல்லாம் நம்ம ஊர் காம்பஸ் ஏரியா மாதிரியே. ஒரே ஒரு வித்தியாசம், காலையில் வானம் தெளிவாக இருந்தால் வடக்கே ஒரு கூம்பு மலை தெரியும். உச்சியில் லேசாகப் புகை. ஒன்பது, பத்து மணிக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். மலையைப் பார்க்க ஆசைப்பட்டால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். அதுதான் ஸ்டூடண்ட்ஸுக்கு இருக்கிற ஒரே கஷ்டம்!

உயரம் 2,900 மீட்டருக்கு மேல். நம்ம தொட்டபெட்டாவைவிட அதிகம். 'மேரு'வும், நெருப்பு என்று அர்த்தமுள்ள 'அபி'யும் சேர்ந்து 'மெராபி' ஆனது என்பார்கள். ஆமாம், நம்ம புராணத்தில் வருகிற அதே மேருதான்.

இந்த மலை ஏன் இங்கே முளைத்தது? ஜாவாவுக்குத் தெற்கே கடலடியில் ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு, வருஷத்துக்கு ஆறு ஏழு சென்டிமீட்டர் வேகத்தில் ஜாவாவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் விரல் நகம் வளர்வதைப்போல சுமார் இரண்டு மடங்கு வேகம். உள்ளே போகிற தட்டு கடல் தண்ணீரையும் பாறைக்குள் பிடித்துக்கொண்டு போகிறது. ஆழத்தில், சூட்டில், அந்தத் தண்ணீர் பிரிந்து மேலே உள்ள பாறையில் கலக்கிறது. தண்ணீர் கலந்த பாறை சீக்கிரம் உருகும். உருகியது மேலே ஏறும். ஏறின இடமெல்லாம் எரிமலை.

சுமத்ராவிலிருந்து பாலியைத் தாண்டியும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுதான் காரணம். இந்த வளைவு வடமேற்கே அந்தமான் வரை நீள்கிறது. இந்தியாவில் இப்போதும் புகைகிற பாரன் தீவு எரிமலை அந்த வரிசையில் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் புரட்டிப் போட்ட சுனாமி கிளம்பியதும் இதே வளைவில்தான். ஆக, மெராபி நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது.

14-வது கிலோமீட்டர்: லைப்ரரிக்கு அடியில் பிள்ளையார்

பைக்கை இன்னும் வடக்கே விட்டால், பதினாலு கிலோமீட்டர் தாண்டியதும் இந்தோனேஷிய இஸ்லாமியப் பல்கலைக்கழகம். 2009 டிசம்பரில் இங்கே புது லைப்ரரி கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். சில மீட்டர் ஆழத்தில் செதுக்கிய கல் தட்டுப்பட்டது. மெதுவாக மண்ணை எடுத்துப் பார்த்தால் கோயில்! உள்ளே பிள்ளையார், நந்தி, லிங்கம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு.

என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிலை அப்படியே விட்டுவிட்டு, லைப்ரரி டிசைனை மாற்றி, அதைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார் இன்றும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். கிம்புலான் கோயில் என்று பெயர்.

ஊருக்குக் கிழக்கே சம்பிசாரியில் இதைவிடப் பெரிய கதை. 1966-ல் ஒரு விவசாயி வயலில் மண்வெட்டி போட்டபோது கல்லில் இடித்தது. தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஆறரை மீட்டர் ஆழத்தில் ஒரு முழு சிவன் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் தரைமட்டத்தில் கட்டிய கோயிலுக்குள் போக, இன்று நாம் கிணற்றில் இறங்குவது மாதிரி படி இறங்க வேண்டும்.

ஆறரை மீட்டர் மண் எங்கிருந்து வந்தது? எல்லாம் மெராபி அனுப்பி வைத்தது. மலைச்சரிவில் குவிந்த சாம்பலையும் கல்லையும் மழை அடித்துக்கொண்டு வரும். சிமென்ட் கலவை மாதிரி கெட்டியாக, வீட்டு சைஸ் பாறையையும் உருட்டிக்கொண்டு ஆற்று வழியே ஓடும். இதற்கு ஜாவா மொழியில் 'லஹார்' என்று பெயர். ஜப்பான்காரர்களின் 'சுனாமி' எப்படி உலகம் முழுக்கப் போனதோ, அதேபோல 'லஹார்' இன்று எல்லா நாட்டு ஜியாலஜி பாடப்புத்தகத்திலும் இருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் மதராம் அரசர்கள் இந்தப் பகுதியை விட்டுத் தலைநகரைக் கிழக்கு ஜாவாவுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். மெராபிக்குப் பயந்துதான் போனார்கள் என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை. ராஜா ஏன் போனார் என்பதைவிட, ஜனங்கள் ஏன் போகவில்லை என்பதுதான் நமக்கு சுவாரஸ்யம்.

ரோடு முடியும் இடம்: சடை ஆடு வருது!

இருபது கிலோமீட்டர் தாண்டினால் காற்றே மாறிவிடும். காலியுராங், மலை அடிவாரத்து குட்டி ஹில் ஸ்டேஷன். ஒட்டும் அரிசியை இடித்துச் செய்த கேக்கின் மேல் வெல்லப்பாகில் வேகவைத்த தெம்பே வைத்துத் தருவார்கள். 'ஜடா தெம்பே'. குளிருக்கு செம காம்பினேஷன். வழியெல்லாம் சாலாக் தோட்டங்கள். பாம்புத்தோல் மாதிரி தோல், உரித்தால் ஆப்பிள் மாதிரி கடுக் மொறுக். சாம்பல் மண்ணில் அது அப்படி விளைகிறது. கறவை மாடுகளுக்குப் பச்சைப் புல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஜனங்கள் ஏன் போகவில்லை என்பதற்குப் பாதி பதில் இந்தத் தோட்டங்களிலேயே கிடைத்துவிடுகிறது.

சரி, மெராபி எப்படி வெடிக்கும்? எரிமலை என்றதும் நம் மனசில் வருவது சினிமாவில் பார்த்த சிவப்பு ஆறு. மெராபி அந்த ரகம் இல்லை. இதன் குழம்பு பிசின் மாதிரி கெட்டி. ஓடாது. டூத்பேஸ்ட் ட்யூபை அழுத்தினால் வாயிலேயே குவிந்து நிற்குமே, அப்படி உச்சியில் குமிழாகக் குவியும். குவிந்து குவிந்து ஒரு நாள் தன் எடை தாங்காமல் சரியும். சரியும்போது உடைந்து, பொடிந்து, உள்ளே அடைபட்டிருந்த வாயு சீறி, கல்லும் சாம்பலும் வாயுவும் சேர்ந்த மேகமாக மலைச்சரிவில் பாயும். சூடு பல நூறு டிகிரி. வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். பைக்கில் ஓடித் தப்பலாம் என்ற ஐடியா எல்லாம் வேலைக்கு ஆகாது.

தூரத்திலிருந்து பார்த்தால் சுருள் சுருளாக, அடர்ந்த ரோமம் உள்ள ஆட்டு மந்தை இறங்கி வருவது மாதிரி இருக்கும். அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'வெதுஸ் கெம்பெல்', சடை ஆடு. குமிழ் சரிந்து மேகம் கிளம்பும் இந்த வகைக்கு எரிமலை விஞ்ஞானிகள் வைத்த பெயரே 'மெராபி டைப்'.

குழம்பு ஒரு தடவை, சாம்பல் ஒரு தடவை என்று மாறி மாறிப் படிந்து உயர்ந்ததால் இது அடுக்கு எரிமலை. ஒரு அடுக்கு வெங்காயத்தை யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெடிப்பு. அதாவது, ஒவ்வொன்றும் ஒரு பழைய கொஸ்டின் பேப்பர்.

மலை சிலபஸ் மாற்றிய கதை

பழைய கொஸ்டின் பேப்பரை மட்டும் படித்துவிட்டு எக்ஸாம் ஹாலுக்குள் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சில தடவை அதிர்ஷ்டம் அடிக்கும். ஆனால் மெராபியில் அது உயிர் விஷயம்.

1930 டிசம்பரில் மேற்குப் பக்கச் சரிவில் பாய்ந்த மேகம், சுமார் 1,370 பேரைக் கொன்றது. அதன் பிறகு பல வருஷங்கள் மலையின் ஆட்டம் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குப் பக்கமே இருந்தது. தெற்கே இருந்தவர்களுக்கு, தங்கள் பக்கம் வராது என்ற நம்பிக்கை வேர்விட்டது. 1994 நவம்பர் 22 அன்று குமிழ் சரிந்தபோது மேகம் தெற்கே திரும்பி போயோங் ஆற்று வழியாக வந்தது. துர்கோ கிராமத்தில் அன்று ஒரு கல்யாணம். அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

அடுத்தது 2006. தெற்குச் சரிவில் 'கெகெர் போயோ' என்று ஒரு பாறைத்திட்டு இருந்தது. 'முதலை முதுகு' என்று அர்த்தம். அந்தத் திட்டு காவலுக்கு நிற்கிறது, கெண்டோல் ஆற்றுப் பக்கம் எதுவும் வராது என்பது காலியாடெம் பகுதியின் தைரியம். அந்த வருஷம் ஜூன் தொடக்கத்தில் முதலை முதுகே இடிந்து விழுந்தது. ஜூன் 13 அன்று, மலை கொஞ்சம் அடங்கியது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கையை ஒரு படி குறைத்தார்கள். மறுநாள் ஜூன் 14, மேகம் கெண்டோல் வழியாக ஏழு கிலோமீட்டர் பாய்ந்தது. காலியாடெமில் இதற்கென்றே கட்டிய கான்கிரீட் பங்கர் ஒன்று இருந்தது. மீட்புப் பணியில் இருந்த இரண்டு பேர் அதற்குள் புகுந்தார்கள். கொதிக்கும் மணலும் கல்லும் பங்கரையே மூடிவிட்டன. வெப்பத்தில் இருவரும் இறந்தார்கள்.

ஊர்க்காரர், இன்ஜினீயர், விஞ்ஞானி என்று எல்லோருமே இந்தப் பரீட்சையில் ஒரு தடவையாவது மார்க் இழந்திருக்கிறார்கள்.

இரண்டு தாத்தாக்கள்

ஜாவாவில் வயதானவர்களை மரியாதையாக 'ம்பா' என்பார்கள். தாத்தா. 2010-ல் இந்த மலையின் கதை இரண்டு ம்பாக்களின் கதை.

ஒருவர் ம்பா மரிஜான். மெராபியின் 'ஜுரு குன்சி', சாவிக்காரர். யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனை, வருஷா வருஷம் மலைக்குத் துணியும் காணிக்கையும் அனுப்பும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மலையோடு உறவு கெடாமல் பார்த்துக்கொள்வதும் சாவிக்காரரின் பொறுப்பு. இவரை 1982-ல் நியமித்தவர் ஒன்பதாவது சுல்தான். 2006-ல் பத்தாவது சுல்தானே இறங்கி வரச் சொன்னார். மரிஜான் வரவில்லை. என்னை வைத்தவர் பழைய சுல்தான், இப்போது கூப்பிடுகிறவர் கவர்னராகத்தானே கூப்பிடுகிறார் என்பது அவருடைய லாஜிக். பத்தாவது சுல்தான் கவர்னரும் கூட! அந்த வருஷம் மேகம் மரிஜான் வீட்டைத் தொடவில்லை. நாடு முழுக்க ஹீரோ ஆனார். எனர்ஜி டிரிங்க் விளம்பரத்தில் கூட வந்தார்.

இன்னொருவர் சுரோனோ. அரசின் எரிமலை ஆய்வு மையத் தலைவர். டி.வி-யில் தினமும் மலையின் நிலவரத்தைச் சொல்லிச் சொல்லி, ஜனங்கள் அவருக்கும் 'ம்பா ரோனோ' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

2010 செப்டம்பர் 20 அன்று எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு ஏறியது. அக்டோபர் 21-ல் மூன்று. 25-ல் நான்கு, 'அவாஸ்', அதாவது உச்ச நிலை. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் கிளம்ப வேண்டும். சிறு நிலநடுக்கங்கள் எகிறின, மலையின் உடம்பு உப்பியது, வாயு அளவு வழக்கத்தைத் தாண்டியது. இந்தத் தடவை ஆழத்திலிருந்து புதுக் குழம்பு, நிறைய வாயுவோடு, வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. குலுக்கின கோலி சோடா மாதிரி.

அக்டோபர் 26, மாலை 5.02. மேகம் கினாரெஜோ கிராமத்துக்குள் இறங்கியது. மரிஜான் வீட்டிலேயே இருந்தார். மறுநாள் அவரை, தொழுகையில் தலை தரையில் பட்ட நிலையில் கண்டெடுத்தார்கள். அன்று முப்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். அவரை அழைத்து வரப் போன செய்தியாளர் ஒருவரும் அதில் உண்டு.

மரிஜானை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். அவருக்கு அது வேலை. கொடுத்த வாக்கு. அதை அவர் காப்பாற்றினார். ஆனால் 2006-ல் அவருக்கு எதுவும் ஆகவில்லையே என்பதைப் பார்த்துத் தங்கள் கணக்கைப் போட்டவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். அந்தக் கணக்குக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மலை அதோடு விடவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் புதுக் குமிழ் வினாடிக்கு சுமார் 25 கன மீட்டர் வேகத்தில் வளர்ந்தது. ஒவ்வொரு வினாடியும் இரண்டு, மூன்று டிப்பர் லாரி லோடு! மேகம் மூடி உச்சியே தெரியாத நேரத்திலும் ரேடார் சாட்டிலைட் படங்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. பாதுகாப்பு வட்டம் பத்திலிருந்து பதினைந்தாகி, நவம்பர் 5 நள்ளிரவுக்குப் பின் பெரிய வெடிப்பின்போது இருபது கிலோமீட்டர் ஆனது. முகாமில் இருந்தவர்களையே எழுப்பி இன்னும் தெற்கே அனுப்பினார்கள். மாகுவோஹார்ஜோ ஃபுட்பால் ஸ்டேடியம் முழுக்கப் பாய் விரித்துக் குடும்பங்கள். அந்த இரவு மேகம் கெண்டோல் ஆற்று வழியே 15 கிலோமீட்டருக்கு மேல் போனது. 2006-ன் தூரத்தைப் போல இரண்டு மடங்கு. நூற்றுக்கும் அதிகமானவர்கள் அந்த ஒரே இரவில் போனார்கள்.

மொத்தம் 350 பேருக்கு மேல் பலி. இடம் பெயர்ந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். சரியான நேரத்தில் நகர்த்தியதால் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் உயிர்கள் தப்பின என்று பிறகு விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். ம்பா ரோனோவின் டீம் செய்த முக்கியமான காரியம், 2006 எப்படி இருந்தது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்குக் கருவி என்ன சொல்கிறது என்று பார்த்ததுதான்.

நின்றுபோன கடிகாரம்

இன்று கெண்டோல் ஆற்றுப் பக்கம் பழைய வில்லிஸ் ஜீப்பில் 'லாவா டூர்' போகலாம். டிரைவரை 'மாஸ்' என்று கூப்பிடுங்கள். நம்ம ஊர் 'மாஸ்' இல்லை, ஜாவா மொழியில் அண்ணன். ஜீப் ஓட்டுகிறவர்களில் பலர் 2010-ல் வீடு இழந்த கிராமத்து ஆட்கள்தான்.

வழியில் ஒரு வீடு. பெயர் 'சிசா ஹார்த்தாகு', எனக்கு மிஞ்சின சொத்து. உருகி வளைந்த பாட்டில்கள், துருப்பிடித்த பைக்கின் எலும்புக்கூடு, நிஜமான மாட்டின் எலும்புக்கூடு. சுவரில் ஒரு கடிகாரம், நவம்பர் 5 நள்ளிரவு பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிஷத்தில் நின்றுபோனது. ஜீப்பில் கத்திக்கொண்டு வந்த கூட்டமெல்லாம் இங்கே தானாக அமைதியாகிவிடும். கொஞ்சம் மேலே காலியாடெம் பங்கர். தோண்டி எடுத்து, உள்ளே போய்ப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

கினாரெஜோவில் இப்போது யாரும் இரவு தங்கக் கூடாது. கீழே அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் தூங்கிவிட்டு, பகலில் மேலே வந்து டீக்கடை நடத்துகிறார்கள், புல் அறுக்கிறார்கள். ஆற்றில் மலை கொண்டுவந்து கொட்டிய மணலை லாரி லாரியாக அள்ளுகிறார்கள். யோக்யகர்த்தாவின் பல கட்டடங்களில் மெராபி மணல் இருக்கிறது. மரிஜானின் மகன் ஆசி அடுத்த சாவிக்காரர் ஆனார். அரண்மனைக் காணிக்கை இன்றும் போகிறது. நிலநடுக்கக் கருவியின் சிக்னலும் நாள் முழுக்க யோக்யகர்த்தா ஆய்வு மையத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் ஒரே ஊர் வைத்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் அங்கே சங்கடமில்லை. கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும் என்பதில் மட்டும் 2010-க்குப் பிறகு தெளிவு வந்திருக்கிறது.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* உச்சி ஏறும் ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 2018 மே மாதத்தில் திடீரென்று நீராவி வெடிப்பு வந்ததிலிருந்து உச்சிக்கு ஏறுவது தடை. 2020 நவம்பரில் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி, வருஷக்கணக்கில் அங்கேயே நின்றது. போகும் வாரத்தின் நிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

* சுமத்ராவில் 'மராபி' என்று வேறொரு எரிமலை இருக்கிறது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். பல வருஷமாக இரண்டாம் நிலை எச்சரிக்கை. உச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலை மையம் சொல்லியிருந்தது. ஆனாலும் ஏற அனுமதி கிடைத்தது, பசங்க ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். நிறைய பேர் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். 'போன வாரம் என் ஃப்ரெண்டு ஏறிட்டு வந்தான், ஒண்ணும் ஆகலை' என்பது எந்த மலைக்கும் கேரண்டி கிடையாது.

* மழைக்காலத்தில் மேலே மழை பெய்தால், கீழே வெயிலாக இருந்தாலும் ஆற்றுப் படுகையில் செல்ஃபிக்கு நிற்காதீர்கள். லஹார் ஹாரன் அடித்துக்கொண்டு வராது.

* சைரன் கேட்டாலோ, ஊர்க்காரர்கள் ஓடினாலோ 'என்னாச்சு மாஸ்?' என்று நின்று விசாரிக்க வேண்டாம். அவர்கள் ஓடும் பக்கம் நீங்களும் ஓடுங்கள். கேள்வியெல்லாம் அஞ்சாவது கிலோமீட்டரில், டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.